பதினோரு முறை கத்தி கேட்டவன்

எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. முடிவெட்டும் கடை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நாற்காலியில் உட்கார்ந்தவர் தலையை ஆட்டினால் கோபம் வரும். செல்போனில் பேசினால் வரும். "உங்க இஷ்டப்படி வெட்டுங்க" என்று சொல்லிவிட்டால் இரண்டு மடங்கு வரும். தலை அவருடையது, இஷ்டம் மட்டும் எப்படி என்னுடையதாகும்? ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, என்னைவிடக் கோபக்காரியான ஒரு நர்ஸைப் பற்றி. அவர் இல்லாவிட்டால் நான் இன்றைக்குக் கையில் கத்தியோடு உங்களிடம் வாயடித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மனநல வார்டில் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கறார் சிஸ்டர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பேனா. சாப்பாடு முடிந்ததும் ஸ்பூன் எண்ணுவார். மொத்தம் நாற்பத்திரண்டு. ஒன்று குறைந்தாலும் யாரும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க முடியாது. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து அவரே கையால் கிளறுவார். மாத்திரை கொடுத்தால் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்ப்பார். மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே மதியச் சாப்பாட்டை முடித்துவிடுவார். இருபத்து மூன்று வயதில் குழந்தைகள் வார்டு கேட்டாராம். இங்கே போடப்பட்ட இன்னொரு நர்ஸ் மாட்டேன் என்று அழுததால் இவரை அனுப்பினார்களாம்.

"ஆறு மாசம் இருங்க, அப்புறம் மாத்திடறோம்னாங்க," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். "அந்த ஆறு மாசம் இன்னும் முடியல."

நான் அங்கே போன கதையையும் சொல்லிவிட வேண்டும். அந்த வருடம் எனக்குத் தூக்கம் குறைந்தது. குறைந்தது எனக்குக் கஷ்டமாக இல்லை, அதுதான் விஷயம். இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் பத்து ஆள் பலம். விடிவதற்கு முன்பே கடையைத் திறந்தேன். ஊரில் இருக்கிற எல்லாத் தலைகளும் என் பொறுப்பு என்று தோன்றியது. தெருவில் போகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து இலவசமாக வெட்டினேன். வெட்டினேன் என்பதும் தப்பு, பாதி வெட்டினேன். ஒருவர் தலை பாதியில் இருக்கும்போதே அடுத்தவர் தலை அவசரம் என்று படும். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கட்டாந்தரை என்று ஒன்பது பேர் அந்தத் தெருவில் நடந்து போனார்கள். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு என் வீட்டுக்காரி கடை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கடைசியாக ஒருவருடைய காதில் கத்தி பட்டுவிட்டது. மூன்று தையல். அதற்குமுன் என் கத்தி யாருடைய காதையும் கிழித்ததில்லை.

என் மச்சான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். கடையில் இரண்டாவது நாற்காலி அவனுடையது. அக்கா புருஷனை அங்கே விடுகிறோமே என்ற சங்கடம் அவனுக்கு. சேர்க்கை மேஜையில் என்ன தொழில் என்று கேட்டபோது, என்னை உயர்த்திச் சொல்வதாக நினைத்து, "சொந்தக் கடை வெச்சிருக்கார்" என்றான். என்ன கடை என்று யாரும் கேட்கவில்லை. ஃபைலில் "சொந்தக் கடை" என்று ஏறிவிட்டது.

முதல் வாரம் நான் சும்மாவா இருந்தேன்? நீதிபதிக்கே முடிவெட்டினவன் நான் என்று கத்தினேன். அது நிஜம். அவர் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார், மாதம் தவறாமல் வருவார், உச்சியில் இரட்டைச் சுழி. ஆனால் அதே மூச்சில் ஊர்த் தலைகளெல்லாம் என் பொறுப்பு என்றும் கத்தினேன் அல்லவா, இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி, பெருமைப் பிரமை என்று எழுதிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் புத்தி கொஞ்சம் தெளிந்தது. தெளிந்ததும் அந்தக் காது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு தொழிலைப் பற்றி நான் யாரிடமும் வாயே திறக்கவில்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர. வார்டில் தினமும் காலையில் எங்களுக்குச் சவரம் செய்ய ஒரு உதவியாளர் வருவார். நல்ல மனுஷன், கைதான் நல்ல கை இல்லை. முடி வளர்ந்த திசை பார்க்காமல் எதிர்ப்பக்கமாக இழுப்பார். ஒரு கன்னத்துக்கு இரண்டு கீறல் நிச்சயம். பக்கத்துக் கட்டில்காரர் மோவாயில் ரத்தம் வழிய உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். "கத்தியை இப்படிக் குடுங்க" என்பேன். கொடுக்க மாட்டார். மறுநாளும் கேட்பேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அந்த வார்டில் புதன்கிழமை தோறும் ஒரு கூட்டம் நடக்கும். பெரிய டாக்டர், இரண்டு சின்ன டாக்டர்கள், குடும்பங்களோடு பேசுகிற சமூகப் பணிக்கார மேடம், கறார் சிஸ்டர். ஒவ்வொரு ஃபைலாகப் பிரித்து, இவரை என்ன செய்யலாம் என்று பேசுவார்கள். கதவில் பனி படிந்த மாதிரி மங்கலான கண்ணாடி. நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தலைகள் அசைவதைப் பார்ப்போம். யார் தலை என்று எனக்குத் தெரியும், அது என் தொழில். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் தெரியாது. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "எப்படி இருக்கீங்க?" என்பார்கள். "நல்லா இருக்கேன்" என்போம். முடிந்தது. என்ன முடிவானது என்பது மறுநாள் மாத்திரையைப் பார்த்தால் தெரியும். நேற்று வெள்ளை, இன்றைக்கு மஞ்சள். அப்படித்தான் தீர்ப்பு வரும்.

கறார் சிஸ்டருக்கு மட்டும் ஒரு பழக்கம் இருந்தது. செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக வருவார். "நாளைக்கு உங்களைப் பத்திப் பேசப் போறாங்க. நீங்க என்ன சொல்லணும்?" என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வார். தன் வார்த்தையில் மாற்றி எழுத மாட்டார். பதினைந்து வருடமாக இப்படி எழுதி எடுத்துப் போகிறாராம். உள்ளே நேரம் இருந்தால் படிப்பார்கள், இல்லாவிட்டால் அடுத்த ஃபைல். மூன்று செவ்வாய் என்னிடமும் வந்தார். மூன்று முறையும் நான் அவரை விரட்டினேன்.

"சொல்ல ஒண்ணுமில்ல. சொன்னா மட்டும் என்ன ஆகிடப் போகுது?"

அதையும் எழுதிக்கொண்டு போனார்.

நான்காவது செவ்வாய் அவர் நோட்டைத் திறக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கடைக்காரரே," என்றார். ஃபைலைப் படித்துவிட்டு அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார். "நாளைக்கு உங்களை நெடுநாள் விடுதிக்கு அனுப்பறதைப் பத்திப் பேசறாங்க. உங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்."

 அந்த விடுதிக்குப் போய்த் திரும்பி வந்த ஒருவரைக்கூட வார்டில் யாருக்கும் தெரியாது. வீடு, கடை, கத்தி எல்லாம் அதோடு சரி.

"என்னைக் கேக்காமலா?"

"அதத்தான் நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். எழுதி எடுத்துட்டுப் போயி அலுத்துப் போச்சு. நாளைக்கு நீங்களே உள்ள வாங்க."

"எனக்குக் கோபம் வரும் சிஸ்டர்."

"வரட்டும். எனக்கும்தான் வருது. ஆனா எதுக்குக் கோபம்னு காரணத்தையும் சேத்துச் சொல்லணும். காரணம் இல்லாத கோபத்தை அவங்க வியாதின்னு எழுதிடுவாங்க."

புதன்கிழமை என் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். ஐந்து பேர், ஐந்து நாற்காலி. தன் நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டார்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சிஸ்டர், பேஷண்ட் வெளிய இருக்கட்டும். அப்புறம் கூப்பிடலாம். அவர் முன்னாடி எப்படிப் பேசறது?"

"அவர் முன்னாடி பேச முடியாததை முதுகுக்குப் பின்னாடி மட்டும் பேசலாமா டாக்டர்?"

"இன்னிக்கு இருபத்தாறு ஃபைல் இருக்கு. நேரம் இல்ல."

"போன வாரம் இவரைப் பத்தி நாம இருபது நிமிஷம் ஊகம் பண்ணோம். அவருக்கு அஞ்சு நிமிஷம் போதும்."

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை, களைத்துப் போனவர். கையை அசைத்தார், சரி என்கிற மாதிரி. சின்ன டாக்டர் என்னைப் பார்க்காமல் ஃபைலைப் படிக்க ஆரம்பித்தார். பெருமைப் பிரமை. எரிச்சல். யாரிடமும் ஒட்டுவதில்லை. தினமும் காலையில் கூரான ஆயுதம் கேட்கிறார், இதுவரை பதினோரு முறை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கலாம். வீட்டுக்கு அனுப்புவது உசிதம் அல்ல.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நான் சிரிக்கச் சிரிக்க அவர்கள் முகம் இறுகியது. சின்ன டாக்டர் அதையும் எழுதப் பேனாவை எடுத்தார். அதைப் பார்த்ததும் சிரிப்பு போய்க் கோபம் ஏறியது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். சுவரோரம் பார்த்தேன். சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் சொல்லணும், காரணம் சொல்லணும்.

"டாக்டர், நான் முடிவெட்டறவன்," என்றேன். "என் கடை முடிவெட்டற கடை. உங்க ஆளு சவரம் பண்ணத் தெரியாம எல்லார் மூஞ்சியையும் கீறி வைக்கறார். பாக்கப் பொறுக்காமத்தான் கத்தி கேட்டேன். வேணும்னா என் மூஞ்சியப் பாருங்க, இன்னிக்குக் காலையில வாங்கினது ரெண்டு."

 சமூகப் பணிக்கார மேடம் மெல்ல, "சொந்தக் கடைன்னு போட்டிருக்கே?" என்றார்.

"சொந்தக் கடைதான் மேடம். சொந்தமா முடிவெட்டறேன்."

பெரிய டாக்டர் நம்பினாரா என்று தெரியவில்லை. என்னை உற்றுப் பார்த்தார். நானும் பார்த்தேன், தொழில் பழக்கம், கண் நேராகக் காதோரம் போய்விடும். "உங்களுக்கு வெட்டறவர் அவசரக்காரர் டாக்டர். இடது கிருதா வலதைவிட ஒரு நூல் கூட நீளமா இருக்கு," என்றேன். அவர் கை தானாகக் காதோரம் போனது. ஒரு சின்ன டாக்டர் இருமுவது போலச் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், பெரிய டாக்டரும்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு இன்னும் கோபம் மிச்சம் இருந்தது. "எங்க கடையில ஒருத்தர் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி, பின்னாடி கண்ணாடி புடிச்சு அவர் பிடரிய அவருக்கே காட்டுவோம். சரியா இருக்கா, இன்னும் எடுக்கணுமான்னு கேப்போம். முடி, ஒரு மாசத்துல வளந்துடும். அதுக்கே கேப்போம். நீங்க என்னை எங்க அனுப்பறதுன்னு முடிவு பண்றீங்க, என்னைக் கேக்கல."

சொல்லி முடித்ததும் பயம் வந்தது. கூடுதலாகப் பேசிவிட்டோமோ என்று. அதோடு இன்னொன்றும் பாக்கி இருந்தது. அதையும் நானே சொல்லிவிட்டேன். "ஒருத்தர் காதைக் கிழிச்சிட்டேன் டாக்டர். அது உண்மை. அது ஃபைல்ல இருக்கா?"

இல்லை. மச்சான் அதை மறைத்துவிட்டிருந்தான்.

பெரிய டாக்டர் ஃபைலை மூடி என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். "பதினோரு தடவை கத்தி கேட்டீங்களே, அதை விட்டுடலாம். இந்தக் காதை நான் விட முடியாது. நீங்களே சொன்னதுக்கு நன்றி. இப்ப சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்?"

அந்தக் கேள்வியை அந்த வார்டில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.  கையை நீட்டிக் காட்டினேன். விரல் ஐந்தும் ஆடின. "எனக்குக் கை வேணும் டாக்டர். இந்த வியாதி என் கையைத் தின்னுடுச்சு."

"அது வியாதி இல்ல, மாத்திரை. அளவைக் குறைச்சா ஆட்டமும் குறையும்."

"மாத்திரையா? அதைத் தெரிஞ்சிருந்தா உங்ககிட்டயே சொல்லியிருப்பேனே. வியாதியும் தின்னுது, மருந்தும் கேக்கலன்னு நெனச்சு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒளிச்சு வெச்சேன்."

சின்ன டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்து கேட்கவில்லை என்றுதான் வாரா வாரம் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "என் கண்ணு முன்னாடியா? டார்ச் அடிச்சுப் பாத்தேனே," என்றார். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை என்று நினைக்கிறேன்.

விடுதிப் பேச்சு அன்றைக்குத் தள்ளிப் போனது, தீர்ந்துவிடவில்லை. மூன்று வாரம் பார்க்கலாம் என்றார் பெரிய டாக்டர். மாத்திரை பாதியானது, நான் ஒளிக்காமல் விழுங்க வேண்டும் என்று பேச்சு. அடுத்த புதன் கூட்டத்துக்கு என் வீட்டுக்காரியையும் வரச் சொன்னார்கள். அவளிடமும் அதுவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. ஞாயிறுதோறும் வந்து அழுதுவிட்டுப் போவாள், அவ்வளவுதான். உள்ளே வந்து உட்கார்ந்து புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே அவள் சொன்னாள், "இவர் விசிலடிக்க ஆரம்பிச்சா ரெண்டு நாள்ல தூக்கம் போயிடும். இந்தத் தடவை அப்படித்தான் ஆரம்பிச்சுது டாக்டர்." நான் விசிலடிப்பேன் என்றே எனக்குத் தெரியாது. பெரிய டாக்டர் அதைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். விசில் கேட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்வது, நான் முரண்டு பிடிக்காமல் வருவது என்று பெரிய டாக்டர், சிஸ்டர், வீட்டுக்காரி, நான், நான்கு பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். நான்கு பேரில் நானும் ஒருவன்.

கடைசியில் கத்தியில்தான் வந்து நின்றது. தொழிலுக்குத் திரும்பலாம் என்று எழுதிக் கொடுக்க, கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் மறுபடி விடுதிப் பேச்சுத்தான். முதலில் பலூன். ஊதிய பலூனில் நுரை பூசிக் கத்தியால் வழிக்க வேண்டும், தொழில் பழகுகிறவர்களுக்கு அதுதான் பாடம். முதல் வாரம் மூன்று வெடித்தன. இரண்டாம் வாரம் ஒன்று. மூன்றாம் வாரம் ஆறு பலூனும் அப்படியே நின்றன.

"பலூனுக்கு மூச்சு கிடையாது. அது பயப்படாது," என்றேன் சிஸ்டரிடம். "ஒரு ஆள் வேணும். ஆனா யாரு என்கிட்ட கழுத்தைக் குடுப்பாங்க?"

அவர் பேனாவைக் கயிற்றில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை, தொழில் பயிற்சி அறையில் நாற்காலி போட்டிருந்தது. பெரிய டாக்டர் கதவருகே நின்றார், அந்த உதவியாளரும் நின்றார். அன்றைக்குச் சிஸ்டருக்கு விடுமுறை நாள். சீருடை இல்லாமல் சாதாரணப் புடவையில் வந்தார், கழுத்துப் பேனா மட்டும் அப்படியே. பின்னால் ஒரு பருத்த மனிதர், நகக்கண்ணில் கருப்பு எண்ணெய், இரண்டு நாள் தாடி. பஸ் டிப்போவில் மெக்கானிக்.

"என் வீட்டுக்காரர்," என்றார் சிஸ்டர்.

அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "எதுக்கு வரச் சொன்னான்னு வழியிலதான் சொன்னா. சொன்னா கேக்கறவன் நான், வேற என்ன பண்றது," என்றார்.

சிஸ்டர் என் பக்கம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். "எனக்கு இருக்கறது இவர் ஒருத்தர்தான். பாத்துப் பண்ணுங்க."

துண்டைப் போட்டேன். வெந்நீரில் கன்னத்தை ஊற வைத்தேன். நுரையைப் பூசினேன். கத்தியைத் திறந்ததும் கை லேசாக ஆடியது. ஒளிக்கவில்லை. "ஒரு நிமிஷம் பொறுங்க. கை ஆடுது," என்றேன்.

"ஆடட்டும். டிப்போவுக்கு மத்தியானம் போனா போதும்," என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆட்டம் நின்றது. வலது கன்னம், இடது கன்னம், மீசையின் கீழ், மோவாய். முடி போன திசையிலேயே போனேன். பிறகு கழுத்து. தலையைப் பின்னால் சாய்த்து, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஓரக் கண்ணால் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். தோள் இரண்டும் விறைத்திருந்தன. கம்பியைப் பிடித்திருந்த கை நடுங்கியது, என் கையைவிட அதிகமாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கும் பயம். என்மேல் முழு நம்பிக்கை வைத்துத்தான் கூட்டி வந்தார் என்று நினைத்துவிட்டேன். அப்படி இல்லை. பயத்தோடுதான் வந்திருக்கிறார், பயந்துகொண்டே தன் புருஷனின் கழுத்தை என் கத்திக்கு அடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். பெற்ற தாய்கூட எனக்காக இப்படிச் செய்திருப்பாளா என்று தெரியாது. கண்ணீர் கண்ணை மறைத்தது. கத்தியை எடுத்துவிட்டு, முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வைத்து, கழுத்தை முடித்தேன்.

"முடிஞ்சுதா?" என்றார் சிஸ்டர், திரும்பாமலே.

"முடிஞ்சுது சிஸ்டர். ஒரு சொட்டு ரத்தம் இல்ல. நீங்களே வந்து பாருங்க."

வந்தார். பெரிய டாக்டர், உதவியாளர், நான், எல்லோரும் நிற்கிறோம் என்பதையே மறந்தவராக, புருஷனின் கன்னத்தையும் கழுத்தையும் புறங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்தார்.  கையெழுத்துப் போடப் பெரிய டாக்டர் பேனாவைக் கேட்டார், சிஸ்டர் கழுத்துக் கயிற்றோடு கழற்றிக் கொடுத்தார். மறுநாள் காலை என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.